கல்லை மட்டும் பார்த்துக் கணிக்காதீர்கள்

போன வாரம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர், சி.டி. ஸ்கேனைப் பார்த்த வேகத்தில் சிறுநீர்க் கல் நோயாளியிடம், "எட்டு மில்லிமீட்டர்தான், அதிர்வலையில் ஒரே தடவையில் உடைந்துவிடும் ஐயா" என்று சொல்லிவிட்டார். ஒரு காலத்தில் நானும் சொன்ன வாக்கியம் அது. வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைக்கும் இந்தச் சிகிச்சையைக் கர்ப்பிணிக்குச் செய்யக் கூடாது, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தைக் கவனிக்க வேண்டும் என்பவற்றைப் பாடப்புத்தகமே சொல்லும், விட்டுவிடுகிறேன். நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

குழாயை மறந்து கல்லை அளப்பது

சிறுநீரகத்தில் இருக்கும் கல்லைச் சுற்றிச் சிறுநீர் இருக்கும். அதிர்வலை பட்டதும் அந்த நீரில் நுண்குமிழிகள் தோன்றி வெடித்துக் கல்லை அரிக்கும். துண்டுகள் விலகவும் இடம் உண்டு. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர்க்குழாயில் வாரக்கணக்கில் சிக்கிய கல்லுக்கு இந்த வசதி இல்லை. சுவர் வீங்கி அதைக் கவ்விக்கொள்கிறது. 1980இல் மியூனிக்கில் தொடங்கிய இந்தச் சிகிச்சையின் ஆரம்ப ஆண்டுகளில், மேல்குழாய்க் கல்லைச் சிறுநீரகத்துக்குள் தள்ளிவிட்டு உடைக்கும் வழக்கம் இருந்ததும் இதனால்தான்.

என்னிடம் வந்தவர் ஒரு தச்சர். ஸ்கேனில் கல்லின் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் 600. மென்மையான கல் என்று மகிழ்ந்தேன். மூன்று முறை அதிர்வலைக்குப் படுக்க வைத்தேன். மூன்று முறையும் எக்ஸ்ரேயில் கல் அதே இடத்தில், அதே வடிவில். கடைசியில் சிறுநீர்ப்பாதை வழியாகக் குழாய்க்குள் போகும் உள்நோக்கியான யூரிட்டரோஸ்கோப்பை உள்ளே செலுத்தினால் கல்லையே காணோம். சிவந்து தடித்த சதை வழியை அடைத்திருந்தது. கல் அதற்குப் பின்னால். வலி எப்போது தொடங்கியது என்று அப்போதுதான் கேட்டேன். "மூணு மாசம் இருக்கும் சார்." அதற்குள் அவர் வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் கூலியை இழந்திருப்பார்! முதல் ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கல் இருந்த மட்டத்தில் குழாய்ச் சுவர் தடித்துத்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

குறுக்குவெட்டுப் படத்தில் கல்லை ஒட்டிய சுவரின் தடிப்பை அளந்து, மறுபக்கக் குழாயோடு ஒப்பிடுங்கள். சுவர் தடித்து, மேலே சிறுநீரகமும் வீங்கி, வலியும் பழையதாக இருந்தால் யூரிட்டரோஸ்கோப்பி பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள்.

ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணை அப்படியே நம்புவது

1000ஐத் தாண்டினால் உடைவது கடினம் என்பது பொதுவாகச் சரி. ஆனால் அளக்கும் வட்டம் கல்லின் ஓரத்தைத் தாண்டினால் சுற்றியுள்ள கொழுப்பும் சேர்ந்து எண் இறங்கிவிடும். சிறிய கல்லில் இந்தப் பிழை பெரிது. சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தால் ஆன கல்லோ எண்ணில் சாதுவாகத் தெரியும், உடைக்கும்போது புரியும்.

குறுக்களவோடு நிறுத்திக்கொள்வது

குழாய்க் கல் நெடுக்குவாட்டில் நீள்வது. உடலை முன்னிருந்து பார்ப்பதுபோல் காட்டும் கொரோனல் படத்தையும் திறந்து பாருங்கள்.

தோலிலிருந்து கல்வரை உள்ள தூரம்

10 செ.மீ. தாண்டினால் உடைந்துவிடும் என்ற வாக்குறுதி வேண்டாம்.

நிமிடத்துக்கு 120 அதிர்வு

அவசரம் வேண்டாம், அடுத்த நோயாளி காத்திருப்பார். 60 வையுங்கள்.

எளிதில் உடையும் என்று ஸ்டென்ட் வைப்பது

சிறுநீர் வடிய உள்ளே வைக்கும் இந்த மெல்லிய குழாயால் கல் எளிதில் உடையாது. அடைப்போடு காய்ச்சலும் இருந்தால் அது வேறு கதை.