ஸ்டார்பக்ஸின் வணிகச் சூழலை ஆராய்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

வணிகச் சூழல் ஆய்வு என்றதும் பலரும் ஆறு கட்டம் போட்ட அட்டவணையோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். "அரசியல் நிலைத்தன்மை தேவை", "தொழில்நுட்பம் வேகமாக வளர்கிறது" என்று கட்டங்கள் நிரம்பிவிடும். எந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும் இந்த வரிகளால் யாருக்கும் பயனில்லை. வெளியில் நடக்கும் ஒரு மாற்றம் நிறுவனத்தின் எந்த வரவை, எந்தச் செலவை, எந்த முடிவைத் தொடுகிறது என்று காட்டினால்தான் அது ஆய்வு.

படி 1: ஒரு நாடு, ஒரு கேள்வி

1971இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரே கடையாகத் தொடங்கிய காப்பிக்கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸ், இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. அத்தனைக்கும் பொதுவான ஒரே சூழல் கிடையாது. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2000இல் அங்கே நுழைந்த நிறுவனம், 2008இல் ஒரே அறிவிப்பில் 61 கடைகளை மூடியது. அது ஏறத்தாழ முக்கால் பங்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியேறிய இத்தாலியரும் கிரேக்கரும் கொண்டுவந்த எஸ்பிரெசோ (அடர்த்தியான காப்பி) பழக்கம் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. பிற நாடுகளில் புதுமையாகத் தெரிந்த கடை அங்கே புதுமையாகத் தெரியவில்லை.

ஆகவே "ஸ்டார்பக்ஸின் சூழல்" என்று தொடங்காதீர்கள். "சீனாவில் அடுத்த மூன்று ஆண்டுகளில் ஸ்டார்பக்ஸ் எப்படி விரிவடைய வேண்டும்?" என்பதுபோலக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியையே கடைசிவரை எடுத்துச் செல்வோம்.

படி 2: ஆண்டறிக்கையைப் படியுங்கள்

அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் தாக்கல் செய்யும் 10-கே அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் "ரிஸ்க் ஃபேக்டர்ஸ்" (ஆபத்துக் காரணிகள்) பகுதிக்கு நேராகப் போங்கள். தன்னை எவையெல்லாம் பாதிக்கக்கூடும் என்று நிறுவனமே அங்கே எழுதியாக வேண்டும். அடுத்தடுத்த இரண்டு ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதிதாகச் சேர்ந்த வரிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் புதுக் கவலைகள் அவற்றில்தான் வெளிப்படும். அதன் நிதியாண்டு செப்டம்பர் இறுதியை ஒட்டி முடிகிறது. பிற புள்ளிவிவரங்களோடு ஒப்பிடும்போது இதை மறக்கவேண்டாம்.

படி 3: பெஸ்டல் சட்டகம்

அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம் என்று ஆறு வெளிக் காரணிகள்; இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே பெஸ்டல். ஆறுக்கும் ஒரே அளவு இடம் தர வேண்டியதில்லை.

காப்பிக்கொட்டையை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூலையில் பிரேசில் தோட்டங்களில் உறைபனி விழுந்து விலையை ஏற்றியது. பிறகு வேறு காரணங்களால், 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா என்ற காப்பி வகையின் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. உடனே "லாபம் சரியும்" என்று எழுதிவிடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பல மாதங்கள் முன்பே ஒப்பந்தம் போட்டு விலையைப் பூட்டிவைப்பதால் அடி தாமதமாகத்தான் விழும். தவிர, கடையில் விற்கும் ஒரு கோப்பைக்கு ஆகும் செலவில் சம்பளமும் வாடகையும் கொட்டையைவிடப் பெரியவை. இப்படிக் கண்ணி கண்ணியாகத் தொடர்ந்து போவதுதான் இந்தப் படியின் உயிர்.

ஒரே நிகழ்வு இரண்டு கட்டங்களில் விழுவதும் உண்டு. பிரிட்டனில் ஸ்டார்பக்ஸ் 14 ஆண்டுகளில் வெறும் 86 லட்சம் பவுண்டு நிறுவன வரிதான் கட்டியது என்ற செய்தி 2012இல் வெடித்தது. சட்டத்தை மீறவில்லை என்றே நிறுவனம் சொன்னது. ஆனாலும் வாடிக்கையாளர் கோபத்தைத் தணிக்க, இரண்டு ஆண்டுகளில் சுமார் 2 கோடி பவுண்டு கட்டுவதாக அறிவிக்க வேண்டிவந்தது. இது சட்டமா, சமூகமா என்று மல்லுக்கட்ட வேண்டாம். விளைவை எழுதுங்கள், போதும்.

படி 4: போர்ட்டரின் ஐந்து விசைகள்

ஒரு தொழிலில் போட்டியைத் தீர்மானிப்பவை எவை என்று ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979இல் முன்வைத்த சட்டகம் இது: போட்டியாளர், புதிதாக நுழைவோர், மாற்றுப் பொருள், வாங்குவோர் பலம், வழங்குவோர் பலம். வழங்குவோர் என்றதும் காப்பி விவசாயிகளோடு நின்றுவிடாதீர்கள். கடைக்கு இடம் தரும் கட்டட உரிமையாளரும், உழைப்பைத் தரும் ஊழியரும் வழங்குவோரே. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகர ஸ்டார்பக்ஸ் கடை ஊழியர்கள் சங்கம் அமைக்க வாக்களித்ததை இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் எடை புரியும்.

நம் கேள்விக்கு முக்கியம் போட்டி. 2017இல் தொடங்கிய சீன நிறுவனமான லக்கின் காப்பி, சின்னக் கடை, செயலி வழி ஆர்டர், தாராளத் தள்ளுபடி என்று இறங்கி, 2023இல் சீனாவில் ஆண்டு விற்பனையில் ஸ்டார்பக்ஸை முந்தியது.

படி 5: வடிகட்டுங்கள்

நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு? இந்த இரண்டையும் கேட்டு மூன்று காரணிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: முடிவை ஒரு தீர்மானமாக எழுதுங்கள்

"போட்டி கடுமையாக இருக்கிறது" என்பது முடிவாகாது. "விலைப்போர் நீடித்தால் சொந்த முதலீட்டில் மட்டுமே கடைகளைப் பெருக்குவது ஆபத்து; உள்நாட்டுக் கூட்டாளியோடு சுமையைப் பகிர்வது மேல்" என்பது முடிவு. பிறகு நிறுவனம் உண்மையில் என்ன செய்தது என்று ஒப்பிடுங்கள். 2025 நவம்பரில், சீன வணிகத்தில் 60 சதவீதம் வரையிலான பங்கை போயு கேப்பிட்டல் என்ற சீன முதலீட்டு நிறுவனத்துக்குத் தரும் கூட்டு முயற்சியை ஸ்டார்பக்ஸ் அறிவித்தது. உங்கள் முடிவு இதிலிருந்து விலகியிருந்தாலும் அழித்துவிடாதீர்கள். எந்தக் காரணிக்கு நீங்களும் அவர்களும் வேறு வேறு எடை கொடுத்தீர்கள் என்று அடுத்த பத்தியில் எழுதுங்கள்.