பிரைட்டனில் கட்டடம் பார்க்க: முகப்பை மட்டும் நம்பாதீர்கள்

இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரான பிரைட்டனில், ரயில் நிலையத்திலிருந்து நேரே இறங்கினால் கால் மணி நேரத்தில் கடல் வந்துவிடும். ஆனால் அங்கே தொடங்க வேண்டாம். பஸ் பிடித்து மேற்கே, ஹோவ் பக்கத்து பிரன்ஸ்விக் சதுக்கத்துக்குப் போய், அங்கிருந்து கிழக்கு நோக்கி நடந்து வாருங்கள். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான். எதிர்த்து நடந்தால் அண்ணாந்து பார்க்கவே முடியாது. சுமார் 3 கி.மீ. தூரம், நின்று பார்க்க அரை நாள் வேண்டும். கரை முழுக்கக் கூழாங்கல் என்பதால் செருப்பு உதவாது.

பிரன்ஸ்விக் வீடுகள் 1820-களில் எழுந்தவை. முகப்பு வெட்டுக்கல் போலத் தெரியும். உண்மையில் சாந்துப் பூச்சின் மேல் கல் இணைப்பு மாதிரி கோடு கீறியிருக்கிறார்கள். பூச்சுக்குள் இருப்பதை அறிய, சதுக்கத்தின் பின்னால் குதிரை லாயங்கள் இருந்த சந்துக்குள் நுழையுங்கள். பூச்சில்லாத சுவர் எங்காவது கண்ணில் படும்: சக்கிமுக்கிக்கல், உடைந்த செங்கல், சுண்ணாம்பு எல்லாவற்றையும் பலகை அடைப்புக்குள் கொட்டி இறுக்கியது. உள்ளூரில் இதற்கு ‘பங்கரூஷ்’ என்று பெயர். மலிவு, ஆனால் தண்ணீர் இதற்கு எமன். நீர் புகுந்தால் சுண்ணாம்பு கரைந்து சுவர் உதிரும். பழுது பார்ப்பதாக நினைத்து மேலே சிமென்ட் பூசினால் இன்னும் மோசம்: பூச்சு விரிசல் விடும், புகுந்த ஈரம் வெளியேற வழியிருக்காது. உப்பிய பூச்சைக் கண்டால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அடுத்து ஓரியண்டல் பிளேஸ் தெரு. தூண்களின் தலைப்பில் சுருண்ட நத்தை போன்ற வடிவம், அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் புதைபடிவத்தைப் பார்த்துச் செய்தது. வடிவமைத்தவர் ஏமன் ஹென்றி வைல்ட்ஸ். தன் பெயரை வைத்துச் செய்த சிலேடை (ஏமன் – அம்மோனைட்) என்பார்கள்.

காலத்தைக் கணிக்க ஜன்னலைப் பாருங்கள். வில்லாக வளைந்து, மேலே கூடார வடிவ இரும்புக் கூரை இருந்தால் பெரும்பாலும் ரீஜென்சி, அதாவது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலம். கோணமாக மடிந்த ஜன்னல், சிவப்புச் செங்கல், சுடுமண் அலங்காரம் என்றால் விக்டோரியா காலத்தின் பின்பகுதி. ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸின் மெட்ரோபோல் ஹோட்டல் (1890) நல்ல மாதிரி. வெள்ளையாக இருப்பதையெல்லாம் ஒரே காலத்தில் சேர்ப்பதுதான் வழக்கமான தவறு: 1935-இல் வெல்ஸ் கோட்ஸ் எழுப்பிய எம்பசி கோர்ட்டும் வெள்ளைதான், ஆனால் கான்கிரீட்.

கடலுக்குள் நீளும் உல்லாசப் பாலமான வெஸ்ட் பியரை (1866) கடல் உள்வாங்கிய நேரத்தில் பாருங்கள். அலை அட்டவணையை முந்தின நாளே பார்த்து வைப்பது நல்லது. 1975-இல் மூடி, 2003-இல் தீயில் கருகியபின் எஞ்சிய எலும்புக்கூடு. அதை வடிவமைத்த யூஜீனியஸ் பர்ச்சின் வார்ப்பிரும்பு வேலை எப்படி நின்றது என்பது, முழுதாக நிற்கும் பேலஸ் பியரைவிட இதில் தெளிவாகப் புரியும்.

கடைசியாக ராயல் கிரசண்ட் என்ற பிறை வடிவ வீட்டு வரிசை, 1799-க்கும் 1807-க்கும் இடையில் கட்டியது. கறுப்பாகப் பளபளக்கும் ‘செங்கல்’ செங்கல் அல்ல. சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிய மெருகு ஓடு. மூலைக்குப் போய் உற்றுப் பாருங்கள்: செங்கல்லானால் மூலையில் மாறி மாறிக் கோத்துத் திரும்பும், ஓடு பெரும்பாலும் அப்படித் திரும்பாது, அதனால் விளிம்பை மறைக்கத் தனிப்பட்டை வைப்பதுண்டு.