கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைத் தேடப் போகிறீர்களா? முதலில் அவருக்கு ஆயர் (பிஷப்) யார் என்று பாருங்கள்

சென்னையில் பழைய ஞானஸ்நானப் பதிவு தேடுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற முதல் தப்பு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கோயிலுக்கு நேராகப் போய் நிற்பது. நானும் அதைத்தான் செய்தேன். ஒரு பங்கு அலுவலகத்தில் (பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி) மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து, தொட்டால் ஓரம் உதிர்கிற ரெஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் எழுந்தபோது, அங்கிருந்த வயதான உபதேசியார் (மறைக்கல்வி சொல்லித்தருபவர்) சாவகாசமாகச் சொன்னார்: “அந்தக் காலத்துல உங்க தெரு நம்ம ஆயர்கிட்டயே இல்லையே தம்பி.” இதை முதல் சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும்.

அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான். 1952 வரை சென்னைக் கத்தோலிக்கர்களுக்கு இரண்டு மேற்றிராணியார்கள், அதாவது ஆயர்கள், இருந்தார்கள். ஒருவர் மயிலாப்பூரில் உள்ள சாந்தோமில், இன்னொருவர் மெட்ராஸில், அதாவது கோட்டைப் பக்கத்தில். பதிவேடுகளும் அந்தந்தப் பக்கத்து வழக்கப்படிதான் எழுதப்பட்டன. அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் என்பதை.

சாந்தோம் பக்கம்தான் மூத்தது. 1606-இல் கொச்சி மறைமாவட்டத்திலிருந்து (ஓர் ஆயரின் எல்லைக்குப் பெயர்தான் மறைமாவட்டம்) பிரித்து மயிலாப்பூர் மறைமாவட்டத்தை உண்டாக்கினார்கள். போர்ச்சுகல் அரசரின் ஆதரவில் நடந்த அமைப்பு என்பதால் ஆயரை நியமிப்பதில் அரசருக்கும் பங்கு உண்டு. இதற்குப் பெயர் பத்ரோவாதோ. சோழமண்டலக் கரையிலிருந்து வங்காளம், பர்மா வரைக்கும் இந்த ஆயரின் எல்லை நீண்டது. மெட்ராஸ் பக்கம் தொடங்கியது 1642-இல். புனித ஜார்ஜ் கோட்டையில் குடியேறிய ஆங்கிலேயர்கள், தங்கள் ஊரில் வாழ்ந்த கத்தோலிக்கர்களுக்காக எப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியை அங்கேயே இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். சாந்தோம்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. பின்னால் அவரைத் தங்கள் பக்கம் வரவழைத்துப் பிடித்து கோவாவின் மத விசாரணை மன்றத்துக்கே அனுப்பிவிட்டார்கள். அவர் உயிரோடு திரும்பி வந்தார், ஆனால் சண்டை தீரவில்லை.

1832-இல் மெட்ராஸ் தனி அப்போஸ்தலிக்க ஆளுகையாக (ரோமின் நேரடிப் பொறுப்பில் இருக்கிற பகுதி) ஆனது. 1838-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி மயிலாப்பூர் ஆயரின் அதிகாரத்தை ரத்து செய்தார், ஆனால் சாந்தோம் பக்கத்துக் குருக்கள் பலர் அதை ஏற்கவில்லை. 1886-இல் போர்ச்சுகலோடு ஒப்பந்தம் போட்டு மயிலாப்பூரைத் திரும்பக் கொடுத்தார்கள், அதே ஆண்டு மெட்ராஸ் உயர்மறைமாவட்டமானது, அதாவது அதன் ஆயர் பேராயர் ஆனார். நடுவில் போன இந்த 48 வருடம்தான் தேடுகிறவர்களுக்குத் தலைவலி. அந்தக் காலத்துப் பெயர் ஒரு ரெஜிஸ்டரில் இல்லையென்றால் மறுபக்கத்துக் கோயிலையும் பார்க்காமல் கைவிடாதீர்கள்.

எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோயில் முகப்பில் அடிக்கல் நாட்டிய கல் இருக்கும், அதில் ஆயர் பெயரைப் பாருங்கள். ரீட் த சில்வா, வியெய்ரா த காஸ்ட்ரோ என்று போர்ச்சுகீசியப் பெயர் இருந்தால் மயிலாப்பூர். இப்போது நாம் பார்க்கிற சாந்தோம் பேராலயத்தை 1890-களில் கட்டியெழுப்பியது ரீட் த சில்வாதான். பென்னலி, கோல்கன் என்று ஐரிஷ் பெயர் இருந்தால் மெட்ராஸ். கோல்கன்தான் 1886-இல் மெட்ராஸின் முதல் பேராயர். கல் இல்லையா, பங்கின் நூற்றாண்டு விழா மலரைக் கேளுங்கள், எந்தப் பங்கிலும் அலமாரியில் ஒன்று தூசியோடு கிடக்கும். தெருப் பெயர்கூட உதவும். ஜார்ஜ் டவுனில் போர்ச்சுகீஸ் சர்ச் தெருவில் இருக்கிற கோயில் சாந்தோம் பக்கம், அதே ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரன் தெருவில் இருக்கிற தூய மரியன்னை ஆலயம் அன்று மெட்ராஸ் பேராயரின் பேராலயமாக இருந்தது. (அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மீனியன் தெரு என்பது நம் வாயில் அப்படி ஆகிவிட்டது.)

1952 நவம்பர் 13-இல் இரண்டையும் சேர்த்துச் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் ஆக்கினார்கள். மெட்ராஸ் பேராயராக இருந்த சலேசிய சபைத் துறவி லூயிஸ் மத்தியாஸ்தான் அதன் முதல் பேராயர். அதே நாளில் வேலூரும் தஞ்சாவூரும் தனி மறைமாவட்டங்களாகப் பிரிந்தன. இதில் நிறையப் பேர் கோட்டைவிடுவது வேளாங்கண்ணி விஷயத்தில். அது 1952 வரை மயிலாப்பூர் ஆயருக்குக் கீழே இருந்த ஊர். அதனால் அங்கே நடந்த பழைய ஞானஸ்நானத்தின் சான்றிதழில் மயிலாப்பூர் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் என்றால் 2002-இல் பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், பேராயர் என்றால் கீழே இருக்கிற எல்லா மறைமாவட்டப் பதிவும் அவரிடம் இருக்கும் என்று நினைத்து சாந்தோமுக்குக் கடிதம் போடாதீர்கள். கோயம்புத்தூர், உதகை, வேலூர், செங்கல்பட்டு எல்லாம் சென்னை-மயிலைத் திருச்சபை மாகாணத்தில்தான் வருகின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி ஆயர், தனி நிர்வாகம். மூலப் பதிவேடு எப்போதும் பங்கில்தான். சின்னக் கிளைக்கிராமம் என்றால் தாய்ப்பங்கில்.

போகும்போது பெயர், அப்பா அம்மா பெயர், ஏறக்குறைய எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்த கூட்டத்தில் இல்லாமல் வாரநாளில், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். கேட்காமல் செல்போனில் படம் எடுக்காதீர்கள்.

ரெஜிஸ்டர் கையில் வந்தால் அது லத்தீனிலோ போர்ச்சுகீசியத்திலோ இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, நான்கைந்து சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். லத்தீனில் ‘பிலியுஸ்’ என்றால் மகன், ‘பிலியா’ மகள், ‘பாப்திசாவி’ என்றால் ஞானஸ்நானம் கொடுத்தேன், ‘பத்ரினுஸ்’ ஞானத்தந்தை. மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். முதலாவது மாதம். என் தாத்தாவின் அண்ணன் பதிவில் 7 என்று போட்டுப் பக்கத்தில் ‘ப்ரிஸ்’ என்று குட்டி எழுத்தில் எழுதியிருந்தது. நான் ஜூலை என்று குறித்துக்கொண்டு வந்தேன். அது செப்டம்பர். லத்தீனில் ‘செப்தெம்’ என்றால் ஏழு, அதைச் சுருக்கி எழுதுவார்கள். அப்படியே 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர்.

இரண்டாவது பெயர். வீட்டில் சின்னப்பர் என்று கூப்பிட்டவர் புத்தகத்தில் பவுலுஸ். ராயப்பர் பேத்ருஸ், அருளப்பர் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், முடியப்பர் ஸ்தெபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். இதை மனப்பாடம் செய்யப் பேராயர்கள் பட்டியலே போதும். மத்தியாஸுக்குப் பிறகு 1966-இல் வந்தவர் ராயப்பா அருளப்பா, அதாவது பேதுருவும் யோவானும் ஒரே பெயரில். 2005 முதல் 2012 வரை இருந்தவர் சின்னப்பா. அவருக்குப் பிறகு வந்தவர் ஜார்ஜ் அந்தோணிசாமி, இவர் பெயருக்கு அகராதி வேண்டாம்.

பதிவு கிடைத்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். 1908-க்குப் பிறகு ஒருவருக்கு எங்கே, யாரோடு திருமணம் ஆனது என்பதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறித்துவைக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் வந்துவிட்டது. என் தாத்தாவின் அண்ணன் விஷயத்தில் அந்த ஓரத்துக் குறிப்பில் ரங்கூன் என்று இருந்தது. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.