ஒரே நிறுவனம், பல கடைமுகங்கள்: மஜென்டோவில் இணையக் கடையின் தோற்றத்தை அமைக்கும் முறை

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, மண்டபத்துக் கருவாடு, கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பு, 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய். இவை நான்கையும் ஒரே நிறுவனம் இணையத்தில் விற்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்க வருபவர்கள் ஒரே வகையினராக இருக்க மாட்டார்கள். மதுரையில் உணவகம் நடத்துபவருக்கு மிளகாய் மூட்டைக் கணக்கில் வேண்டும். துபாயில் இருக்கும் கீழக்கரைக் குடும்பத்துக்கு அரைக் கிலோ தொதல் போதும். முன்னவருக்கு விலைப்பட்டியல் பளிச்சென்று தெரிய வேண்டும்; பின்னவருக்குப் படமும், பொருள் எங்கே எப்படிச் செய்யப்பட்டது என்ற விவரமும் வேண்டும்.

சரக்கிருப்பும் கணக்கும் ஒன்றாக இருக்க, கடைமுகம் மட்டும் வேறுவேறாக இருக்க வேண்டும் என்றால் அதற்கேற்ற மென்பொருள் தேவை. மஜென்டோ அந்த வகையைச் சேர்ந்தது. 2018-இல் அடோபி நிறுவனம் அதை வாங்கியது. இன்று கட்டணப் பதிப்பு அடோபி காமர்ஸ் என்ற பெயரிலும், கட்டணமில்லாத பதிப்பு மஜென்டோ ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரிலும் கிடைக்கின்றன. கீழே சொல்லியிருப்பவை ஓப்பன் சோர்ஸ் பதிப்பை வைத்து எழுதப்பட்டவை. மென்பொருளை நிறுவி, நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையத் தெரிந்திருந்தால் போதும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை; தேவைப்படும் சில இடங்களில் நிரலர் ஒருவரின் உதவி போதும்.

அடுக்குகளைப் புரிந்துகொள்ளுங்கள்

தோற்றம் என்றதும் பலரும் நேராக நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் போய்விடுகிறார்கள். மஜென்டோவில் அதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: இந்த அமைப்பை எந்த அடுக்கில் வைக்கிறோம்?

மேலே இருப்பது குளோபல், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான அடுக்கு. அதற்குக் கீழே வெப்சைட், அதற்குக் கீழே ஸ்டோர், கடைசியில் ஸ்டோர் வியூ, அதாவது வாங்குபவர் பார்க்கும் கடைமுகம், பெரும்பாலும் மொழிக்கு ஒன்று. மேல் அடுக்கில் வைத்த அமைப்பு கீழே உள்ள எல்லாவற்றுக்கும் தானாக இறங்கும். கீழ் அடுக்கில் தனியாக மாற்றினால் அந்த இடத்தில் மட்டும் மாறும். அதன் பிறகு மேலே எதை மாற்றினாலும் அந்த இடத்தைத் தொடாது. கூட்டுக் குடும்பத்தில் தனி அடுப்பு வைத்த மகனைப் போலத்தான் இது. பெரிய அடுப்பில் என்ன குழம்பு மாறினாலும் அவன் வீட்டுக்கு வராது.

நம் எடுத்துக்காட்டு நிறுவனத்துக்கு இரண்டு வெப்சைட் போதும்: சில்லறை ஒன்று, மொத்த வியாபாரம் ஒன்று. சில்லறைக்குள் தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு ஸ்டோர் வியூ. ஸ்டோர்ஸ் பட்டியலில் ஆல் ஸ்டோர்ஸ் என்ற இடத்தில் இவற்றை உருவாக்கலாம்.

பிறகு ஒரு தாளை எடுத்து, எது எல்லாக் கடைக்கும் பொது, எது வெப்சைட்டுக்கு வெப்சைட் மாறும், எது மொழிக்கு மொழி மாறும் என்று எழுதுங்கள். லோகோவும் பதிப்புரிமை வரியும் பொது. தீம், அதாவது கடையின் தோற்றத்தை முடிவுசெய்யும் கோப்புத் தொகுப்பு, வெப்சைட்டுக்கு வெப்சைட் மாறும். வரவேற்பு வாசகமும் பக்கத் தலைப்பும் மொழிக்கு மொழி மாறும். இந்தத் தாள் இல்லாமல் திரையில் உட்காராதீர்கள். எல்லாவற்றையும் ஸ்டோர் வியூ அடுக்கில் மாற்றி வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து லோகோவைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு கடையாகத் தேடி அலைய வேண்டி வரும்.

டிசைன் அமைப்புப் பக்கம்

இடப்பக்கப் பட்டையில் கன்டென்ட் என்பதைத் தொட்டு, டிசைன் என்ற தலைப்பின் கீழ் உள்ள கான்ஃபிகரேஷனுக்குப் போங்கள். அடுக்குகள் ஒரு பட்டியலாக வரும். குளோபல் வரியின் எடிட்டை அழுத்துங்கள். முதல் வேலை எப்போதும் இங்கேதான்.

அப்ளைடு தீம் என்ற பெட்டியில் லூமா, பிளாங்க் என்ற இரண்டு தீம்கள் மென்பொருளோடு வருகின்றன. லூமா அலங்காரங்களோடு இருக்கும் மாதிரிக் கடை. பிளாங்க், பெயருக்கேற்ப, அலங்காரம் இல்லாத வெறும் கட்டமைப்பு. கற்றுக்கொள்ளும்போது லூமாவை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் கோப்புகளில் கைவைக்காதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் உங்கள் மாற்றங்கள் அழிந்துபோகும். லூமாவைத் தாயாகக் கொண்ட ஒரு சேய்த் தீம் செய்து, மாற்றங்களை அதில் வைப்பதே முறை. அடிப்படைச் சேய்த் தீமுக்கு இரண்டு சிறு கோப்புகள் போதும்: தீமின் பெயரையும் தாயையும் சொல்லும் ஒன்று, மென்பொருளில் பதிவுசெய்யும் ஒன்று. நிரலர் ஒருவருக்கு இது சிறிய வேலை. தொடக்கத்திலேயே செய்து வாங்கிவிடுங்கள்.

அதே பக்கத்தில் எச்டிஎம்எல் ஹெட் என்ற பகுதியில் உலாவியின் மேல் பட்டையில் தெரியும் சின்னப் படத்தையும், பக்கத் தலைப்பையும் மாற்றுங்கள். ஹெடர் பகுதியில் லோகோவை ஏற்றுங்கள். பிஎன்ஜி, ஜேபெக், ஜிஃப் வகைகளை ஏற்கும். லோகோவின் மாற்று வாசகம் என்ற பெட்டியைக் காலியாக விடாதீர்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்லும். வெல்கம் டெக்ஸ்ட் என்ற பெட்டியில் மென்பொருளே எழுதிவைத்த ஆங்கில வாசகம் இருக்கும். அதை மாற்றாமல் விட்ட கடைகளைப் பார்த்தால், உள்ளே ஆள் இருக்கிறாரா என்ற ஐயம் வாங்குபவருக்கு வந்துவிடும். தமிழ் ஸ்டோர் வியூவுக்கு வந்து, இயல்பு மதிப்பைப் பயன்படுத்து என்ற குறியை எடுத்துவிட்டு, அங்கே தமிழில் எழுதுங்கள்.

அடிப்பகுதி அலங்காரத்துக்கு அல்ல

ஃபுட்டர் பகுதியைப் பலர் பதிப்புரிமை வரியோடு விட்டுவிடுகிறார்கள். இங்கே நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் முகம் தெரியாதவரிடம் உணவுப் பொருள் வாங்கும் ஒருவர் நம்பிக்கையைத் தேடும் இடம் இதுதான். உணவு விற்கும் கடையின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) உரிம எண் இங்கே இருக்கட்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. பொட்டலப் பொருளுக்கு நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் முகவரி போன்றவை பொருள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே பெட்டியில் அடைக்காமல், கன்டென்ட் பட்டியலில் உள்ள பிளாக்ஸ் என்ற இடத்தில் தனித் துண்டாக எழுதிவைத்து, விட்ஜெட் (ஒரு துண்டைப் பக்கத்தில் குறித்த இடத்தில் காட்டும் கருவி) வழியாக அடிப்பகுதியில் பொருத்துங்கள். விவரம் மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பக்கங்களிலும் மாறிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: விட்ஜெட்டை உருவாக்கும்போதே அது எந்தத் தீமுக்கு என்று தேர்ந்தெடுக்கிறோம். பிற்பாடு கடையை வேறு தீமுக்கு மாற்றினால் அந்த விட்ஜெட் தோன்றாது. புதிய தீமுக்கும் ஒன்று செய்ய வேண்டும். உரிம எண் காணாமல் போனதை வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.

நிறமும் எழுத்தும்

நிறங்களை மாற்ற நிர்வாகப் பக்கத்தில் தனிப் பெட்டிகள் கிடையாது. எச்டிஎம்எல் ஹெட் பகுதியில் உள்ள ஸ்கிரிப்ட்ஸ் அண்ட் ஸ்டைல் ஷீட்ஸ் பெட்டியில், நிறத்தைச் சொல்லும் சில நிரல் வரிகளை நிரலரைக் கேட்டு எழுதி ஒத்திகை பார்க்கலாம். முடிவானதும் அவற்றைச் சேய்த் தீமுக்கு மாற்றிவிடுங்கள்.

எந்த நிறம்? கடற்கரை என்றால் நீலம் என்று எல்லாரும் போகும் வழியில் போக வேண்டியதில்லை. முண்டு மிளகாயின் கருஞ்சிவப்பு வெள்ளைப் பின்னணியில் மிகத் தெளிவாகத் தெரியும். பொத்தானுக்கு ஏற்ற நிறம். கருப்பட்டியின் கரும்பழுப்பு எழுத்துக்கு நன்றாக இருக்கும். மணலின் வெளிர்மஞ்சளைப் பின்னணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறத்தில் எழுத்து வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது வலை அணுகல் வழிகாட்டியின் அளவு. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். தேவிபட்டினத்துக் கரையில் உச்சி வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவருக்கு இந்த எண்ணின் பொருள் உடனே விளங்கும்.

தமிழ் எழுத்துருவில் கவனம் அதிகம் வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, காட்டமரன் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் நல்ல ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருக்கள். பழைய துண்டறிக்கைகளுக்குப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துவைத்த பொருள் விவரங்களை அப்படியே ஒட்டாதீர்கள். அது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். கருவாடு என்று தேடுபவருக்கு உங்கள் கருவாடு அகப்படாது. முதலில் ஒருங்குறிக்கு மாற்றுங்கள்.

லூமா ஆங்கிலத்தை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. தமிழில் கொம்பும் சுழியும் கால்களும் மேலும் கீழும் நீள்வதால் வரிகள் நெருங்கி நெரிபடும். வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.6 மடங்காவது வையுங்கள். சொற்களும் நீளமானவை. “கூடையில் சேர்க்கவும்” என்பது சின்னப் பொத்தானில் இரண்டு வரியாக உடையும். “வாங்கு” என்று சுருக்கினால் அழகாக அமர்ந்துவிடும். பொத்தான்களில் மென்பொருளே காட்டும் ஆங்கிலச் சொற்களை மாற்ற மொழிபெயர்ப்புக் கோப்பு தேவைப்படும். சொற்களை நீங்கள் முடிவுசெய்யுங்கள், கோப்பை நிரலர் செய்யட்டும். இதில் நிரலரின் அகராதிக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். நெத்திலியையும் சீலாவையும் எப்படி எழுதினால் வாங்குபவர் தேடுவார் என்று தெரிந்தவர் நீங்கள்தான்.

பொருள் பட்டியல்

ஸ்டோர்ஸ் பட்டியலின் கான்ஃபிகரேஷனில் கேட்டலாக் என்ற பகுதிக்குள் ஸ்டோர்ஃப்ரன்ட் இருக்கிறது. சில்லறைக் கடைக்குக் கட்ட வடிவமும், மொத்தக் கடைக்கு வரிசை வடிவமும் பொருந்தும். உணவக உரிமையாளர் படம் பார்த்து மயங்க வரவில்லை. தரம், எடை, விலை மூன்றும் ஒரே வரியில் தெரிந்தால் அவருக்குப் போதும். கட்ட வடிவில் ஒரு பக்கத்துக்கு 12 பொருள் என்பதை அப்படியே விடலாம். கைப்பேசியில் இரண்டு பத்தியாக வந்தாலும், கணினியில் மூன்றோ நான்கோ பத்தியாக வந்தாலும் கடைசி வரிசை குறைபடாது.

லூமாவின் பட்டியல் பக்கப் படம் 240-க்கு 300 பிக்சல், அதாவது நெட்டு வடிவம். கைப்பேசியில் சதுரமாக எடுத்த படத்தை ஏற்றினால் மேலும் கீழும் வெள்ளைப் பட்டை விழும். அதே விகிதத்தில் எடுங்கள், அளவு மட்டும் பெரிதாக இருக்கட்டும். கருவாட்டை வெள்ளைத் துணியின் மேல் பரப்பி, காலை வெளிச்சத்தில் எடுங்கள். செதிலும் நிறமும் தெரிய வேண்டும். மிளகாயைத் தனியாக ஒன்றும் குவியலாக ஒன்றும் எடுங்கள். முண்டு என்பதன் உருண்டை வடிவம் தனிக் காயில்தான் விளங்கும்.

படத்தை யாராவது எடுத்துக்கொள்வார்களே என்று அஞ்சுபவர்களுக்கு, டிசைன் அமைப்புப் பக்கத்திலேயே வாட்டர்மார்க் வசதி உண்டு. மூலையில், மங்கலாக வையுங்கள். நடுவில் அடித்த முத்திரை பொருளையே மறைத்துவிடும்.

எடை அலகைப் பார்க்க மறக்காதீர்கள். மென்பொருள் பவுண்டில் தொடங்கும். ஜெனரல் பகுதியின் லொகேல் அமைப்பில் கிலோவுக்கு மாற்றுங்கள். நாணயத்தை ரூபாய்க்கு மாற்றுவதும் ஜெனரல் பகுதியில், கரன்சி செட்டப் என்ற இடத்தில்.

பருவத்துக்கேற்ற முகம்

நம் கரைக்கு இது மிகவும் பொருந்தும் வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கருவாட்டை முன்னால் வைப்பது இயல்பு. கோடையில் பனைப் பொருள்களும் சேரும். கன்டென்ட் பட்டியலில் டிசைனின் கீழ் ஷெட்யூல் என்ற இடத்தில், எந்த ஸ்டோர் வியூ, எந்தத் தீம், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று பதிந்துவிட்டால், அந்த நாளில் தானாக மாறி, முடிந்ததும் பழைய தோற்றத்துக்குத் திரும்பும். இதற்கு இரண்டாவது சேய்த் தீம் ஒன்று வேண்டும். மேலே சொன்ன விட்ஜெட் எச்சரிக்கை இங்கேதான் பலிக்கும். இரண்டு தீமுக்கும் அடிப்பகுதித் துண்டுகளைப் பொருத்திவிட்டு நாளைக் குறியுங்கள். கட்டணப் பதிப்பில் பக்கங்களையும் விலைகளையும் சேர்த்து முன்கூட்டியே திட்டமிடும் வசதி உண்டு. சிறிய நிறுவனத்துக்கு அதற்காக மட்டும் பணம் செலவிடுவது தேவையில்லை என்பது என் கருத்து.

முகப்புப் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றால் இவ்வளவும் வேண்டாம். கன்டென்ட் பட்டியலின் பேஜஸ் பகுதியில் ஹோம் பேஜைத் திறந்து படத்தையும் வாசகத்தையும் மாற்றுங்கள். 2.4.3 பதிப்பிலிருந்து பேஜ் பில்டர் ஓப்பன் சோர்ஸிலும் கிடைக்கிறது. பத்திகளையும் படங்களையும் இழுத்து வைத்தே பக்கம் கட்டலாம்.

மின்னஞ்சல், கேஷ், கடைசிச் சோதனை

ஆர்டர் உறுதி செய்யும் மின்னஞ்சலும் கடையின் முகம்தான். டிசைன் அமைப்புப் பக்கத்தின் டிரான்சாக்‌ஷனல் இமெயில்ஸ் பகுதியில் லோகோவை ஏற்றாவிட்டால், உங்கள் வாடிக்கையாளருக்கு லூமா என்ற பெயர் போட்ட கடிதம் போகும்.

மாற்றம் எதைச் செய்தாலும் சிஸ்டம் பட்டியலில் கேஷ் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய் கேஷை, அதாவது வேகத்துக்காக மென்பொருள் சேமித்துவைத்திருக்கும் பழைய பக்க நகல்களை, துடைத்துவிடுங்கள். மாற்றம் தெரியவில்லையே என்று தொடங்குபவர்கள் தவிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

பிறகு கணினியை விட்டு எழுந்து, விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் கடையைத் திறந்து, ஒரு பொருளைக் கடைசிவரை வாங்கிப் பாருங்கள். தமிழ், ஆங்கிலம், மொத்தக் கடை மூன்றிலும் செய்யுங்கள். சோதனைக் காலத்தில் தேடுபொறிகள் கடையைப் பதியாமலிருக்க, டிசைன் அமைப்புப் பக்கத்தின் சர்ச் எஞ்சின் ரோபோட்ஸ் பகுதியில் நோஇண்டெக்ஸ் என்று வைத்திருப்பீர்கள். திறப்பு நாளன்று அதை இண்டெக்ஸ், ஃபாலோ என்று மாற்றி, கேஷை இன்னொரு முறை துடைத்துவிடுங்கள்.