மவுண்டன் பைக்: ஊரில் பழகிய கை மலையில் செய்யும் தவறுகள்

மவுண்டன் பைக் என் கைக்கு வந்தபோது எனக்கு 42 வயது. அதற்கு முன்பே 30 வருடம் சைக்கிள் ஓட்டியிருந்தேன். வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் அடித்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டது, டபுள்ஸ் போய்ப் போலீஸ்காரரிடம் மாட்டியது என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்தத் தைரியத்தில் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் இறங்கினேன். 200 மீட்டர்கூடத் தாண்டவில்லை. கவாத்து வெட்டிய செடிகளுக்கு நடுவே கிடந்தேன். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியைப் பக்கத்தில் பார்த்திராதவர்களுக்கு: முழங்கால் உயரத்தில், விரல் பருமனில், கூராகச் சீவிய குச்சிகள். அதன்மேல் விழுந்தவனுக்கு முழங்கையில் ஆறு தையல்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, சைக்கிள் ஓட்டத் தெரியாததால் வருவதில்லை. ஓட்டத் தெரியும் என்பதால் வருகிறது. தார் ரோட்டில் சரியாக இருந்த பழக்கமே மண்பாதையில் ஆளைக் கவிழ்க்கிறது. அன்று நான் விழுந்ததற்கும் அப்படிப்பட்ட இரண்டு பழக்கங்கள்தான் காரணம்.

ஒன்று, காற்று. நம் ஊரில் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கல் மாதிரி இருந்தால்தான் திருப்தி. மேட்டுப்பாளையத்தைத் தாண்டும்போது பங்க்கில் நிறுத்தினேன். "எவ்வளவுங்க வெக்கட்டும்?" என்று கேட்டார் காற்றடிக்கிற அண்ணன். "நல்லா டைட்டா வைங்க" என்றேன். டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 65 பி.எஸ்.ஐ என்று அச்சடித்திருந்தது, 60 வைத்துவிட்டார். அது டயர் தாங்கும் எல்லை. அந்த அளவு வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை.

கல்லும் வேரும் கிடக்கிற பாதையில் டயர் கொஞ்சம் நசுங்க வேண்டும். நசுங்கினால்தான் கல்லை அணைத்துப் பிடிக்கும். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின் மேலும் துள்ளும், துள்ளுகிற நேரத்தில் அதற்குப் பிடிமானம் கிடையாது. என் எடை 70 கிலோ, டயர் 2.2 இன்ச் அகலம், உள்ளே ட்யூப் உண்டு. இப்போது முன்னால் 28, பின்னால் 31 வைக்கிறேன். உடம்பின் எடை பின்சக்கரத்தில் கூடுதலாக இறங்குவதால் அந்த மூன்று வித்தியாசம். ட்யூப்லெஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் நாலைந்து குறைத்துக்கொள்ளலாம். குறைக்கிறேன் பேர்வழி என்று 20-க்குக் கீழே போனால் வேறு தொல்லை. கல்லில் இடிக்கும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் பார்க்கும்போது அப்படி ஜோடி ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்று போதவில்லை என்று அர்த்தம். சின்னதாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கு 30-க்கும் 40-க்கும் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது, பிரேக். "முன் பிரேக்கைப் பிடிக்காதடா, தலைகுப்புற விழுவே." இதைச் சொல்லாத அப்பா தமிழ்நாட்டில் உண்டா? அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்துச் சைக்கிள், அந்த உயரத்துப் பையன். ஆனால் 30 வருடம் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த கை, இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடித்துத் தொங்கும். வேகம் குறையும்போது எடை முழுக்க முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை இறுக்கினால் அது நிற்காது, வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் வரும். எனக்கு வந்தது. பதறிப்போய் அப்புறம்தான் முன் பிரேக்கை மொத்தமாகப் பிடித்தேன், அதுவும் கையை விறைத்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடி. அப்பா சொன்னது அப்படியே நடந்தது.

இறக்கத்தில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி அழுத்த வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் லீவருக்கு ஆள்காட்டி விரல் ஒன்று போதும், மற்ற மூன்று விரலும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கட்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலைக் கீழே அமுக்குங்கள். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை முடிந்தவரை விட்டுவிடுங்கள். ஈரமான வேரின் மேல் மட்டும் பிரேக்கே வேண்டாம். குறுக்கே நேராகக் கடந்து போய்விட வேண்டும். இன்னொன்று: சில சைக்கிள்களில் வலது கை முன் பிரேக், சிலவற்றில் இடது கை. வாடகைக்கோ நண்பரிடமோ வாங்கினால், சமதளத்திலேயே எது எது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நெடுக இறங்கும்போது லீவரை லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதும் தவறு. பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இந்த விளையாட்டே பிரேக் சூட்டில் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், மவுண்ட் டமால்பைஸ் சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மண்ரோட்டில் இறங்குவார்கள். பின்னோக்கி மிதித்தால் சக்கரத்தின் நடு உருளைக்குள் பிடிக்கிற ஹப் பிரேக் அதில். இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் உருகிப் புகையாய்ப் போய்விடும். பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அடைப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற வார்த்தைதான் அந்தப் பாதைக்கும், அதில் 1976 அக்டோபரில் தொடங்கிய பந்தயத்துக்கும் பெயராயிற்று: 'ரீபேக்'. மூன்றரைக் கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். அதிலிருந்து 20 வருடத்தில், 1996 அட்லாண்டாவில், மலைச் சைக்கிள் ஒலிம்பிக்குக்கே போய்விட்டது. நமக்கு டிஸ்க் பிரேக் இருக்கிறது. ஆனாலும் நீண்ட இறக்கத்தில் நின்று ஆறவிட்டுப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நிற்கும்போது பேட் கவ்விப் பிடிக்கிற வட்டத் தகட்டை, அதாவது ரோட்டாரை, மட்டும் தொடாதீர்கள். தோசைக்கல் மாதிரி இருக்கும்.

சீட்டில் உட்கார்ந்தே இறங்குவது ஏறக்குறைய எல்லோரும் செய்வது. உட்கார்ந்தால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்புக்குப் போகும், சைக்கிளும் உங்களைத் தூக்கி எறியும். இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக வைத்து எழுந்து நில்லுங்கள். முழங்கையும் முட்டியும் மடங்கியிருக்கட்டும். சைக்கிள் உங்களுக்குக் கீழே தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொள்ளும். இதற்குச் சீட் இடையூறாக இல்லாமல் ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். ஏறும்போதோ அதே சீட் உயரமாக வேண்டும்: குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நீண்டு நிற்கிற உயரம். பட்டனை அமுக்கினால் சீட் இறங்கும் ட்ராப்பர் போஸ்ட் வைத்த சைக்கிள்கள் உண்டு. விலை அதிகம். நான் உச்சியில் நிறுத்தி, கையால் இறக்கிக்கொள்கிற கட்சி. டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலைதானே. முன்சக்கரத்தைத் தாங்கிக் குலுக்கலை வாங்கிக்கொள்கிற ஃபோர்க்கை ஏற்றத்தில் அசையாமல் லாக் செய்திருந்தால் இதே நேரத்தில் திறந்துவிடுங்கள். மறந்துபோய் முழு இறக்கமும் குலுங்கிக்கொண்டு வந்து, 'இந்த ஃபோர்க் சரியில்லை' என்று திட்டியவர்களில் நானும் ஒருவன்.

பள்ளத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினால் பள்ளத்தில்தான் போய் விழுவீர்கள். கண் எங்கே போகிறதோ தோள் அங்கே திரும்பும், தோள் திரும்பினால் சக்கரமும் திரும்பும். தேயிலைத் தோட்டங்களில் பாதைக்குக் குறுக்கே தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். முதலில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடந்து போகவேண்டிய அந்தப் பக்கத்தில் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல எளிது, பழக எனக்கு ஆறு மாதம் ஆனது.

கியரை ஏற்றம் வருவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். ஏற்றத்தில் மூச்சுமுட்ட மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் அறுந்துவிடலாம். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் உட்காரவேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் சரி.

வழியில் பழுதானால் பார்த்துக்கொள்ளலாம் என்கிற நம்பிக்கையும் ஊர்ப் பழக்கம்தான். நம் ஊரில் தெருவுக்கு ஒரு பஞ்சர் கடை. மேலே அப்படி இல்லை. இருந்தாலும் உங்கள் வால்வு அவருக்கு ஒத்துவராமல் போகலாம். விலை குறைந்த மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் இருக்கும் அதே ஷ்ராடர் வால்வு, எந்தக் காற்றுக் குழாயும் பொருந்தும். கொஞ்சம் விலை கூடியவற்றில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு. பங்க்கில் நின்று விழிக்க வேண்டியதுதான். சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கும், விலையும் சொற்பம், பையில் போட்டுவையுங்கள். கூடவே ஒரு ட்யூப், கைப் பம்ப், டயர் லீவர், அலன் கீ செட், செயின் இணைக்கிற குவிக் லிங்க்.

அப்புறம் யாரும் சொல்லித்தராத ஒன்று: கியர் மாற்றும்போது செயினைத் தள்ளுகிற டீரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கிற ஹேங்கர். அலுமினியத்தில் கட்டைவிரல் அளவுத் துண்டு அது. இடிபட்டால் சட்டத்துக்குப் பதிலாகத் தான் முறிய வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் மாடலுக்கு மாடல் வடிவம் வேறு, மலையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. என்னுடையது முறிந்த அன்று, கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்றில் மூட்டைகளின் மேல் சைக்கிளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டார் ஒரு டிரைவர். காசு வாங்கவில்லை. "ஏனுங்க, கார் வாங்கற மாதிரி சைக்கிள் வாங்கிட்டு மூட்டை மேல வர்றீங்க" என்று மட்டும் கேட்டார்.

எங்கே ஓட்டலாம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாதை தெரிகிறது, தடுப்பில்லை, எனவே போகலாம் என்பது மலையில் செல்லாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். முதுமலை, ஆனைமலை மாதிரிப் புலிகள் காப்பகங்களில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இன்னும் கடுமையாக நிற்கும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபிறகு கெடுபிடி கூடியிருக்கிறது, கூடவும் வேண்டும். தேயிலைத் தோட்டம் என்றால் தனியார் நிலம். வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுப் போனால் பெரும்பாலும் விடுகிறார்கள். அதோடு அன்று எந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்ற செய்தியும் கிடைக்கும்.

அந்தச் செய்தி முக்கியம். கோத்தகிரி, குன்னூர் தோட்டங்களில் காட்டெருமையும் கரடியும் அக்கம்பக்கத்தார் மாதிரி நடமாடுகின்றன. சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வருவதால், விலங்குக்கு நாம் வருவது தெரிவதே இல்லை. எடை கூடும், அழகு கெடும் என்று மலைச் சைக்கிளில் பெல்லைக் கழற்றிவிடுகிறார்களே, அதைவிட வேடிக்கையான தவறு எனக்குத் தெரியவில்லை. மறைவான வளைவுக்கு முன் இரண்டு முறை அடியுங்கள். பாதையில் காட்டெருமை நின்றால் இறங்கி, பின்வாங்கி, அது போகிறவரை காத்திருங்கள். ஒருமுறை 40 நிமிடம் நின்றேன். அது தின்று முடிக்கிறவரை என் அவசரம் அதற்குத் தெரியவில்லை. இந்த மாதிரித் தாமதங்களுக்கும் சேர்த்து, மாலை நாலரைக்குள் காட்டோரத்தை விட்டு வெளியே வந்துவிடுகிற கணக்கில் கிளம்புங்கள். யானை நடமாட்டம் உள்ள இடம் என்றால் இன்னும் முன்னதாக.

மழைக்கணக்கும் மலைக்கு மலை மாறும். வால்பாறை, கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். கோத்தகிரிச் சரிவில் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழைக் காலம். நனைந்த செம்மண் டயரில் அப்பிக்கொண்டால் சக்கரம் ஃபோர்க்குக்கு நடுவே சிக்கிச் சுற்றாது. அந்தப் பாதையில் நாம் போட்ட தடமும் காய்ந்து, கெட்டியாகி, அடுத்த மழைக்கு வாய்க்காலாகும். மழை பெய்த மறுநாள் நான் மலைக்குப் போவதில்லை.

வீட்டுக்கு வந்தபின் செய்கிற தவறு ஒன்று பாக்கி. சேறாகிவிட்ட சைக்கிளை அப்படியே வாட்டர் சர்வீஸில் விட்டு, மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற அதே பீய்ச்சலில் கழுவுவது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஹப், பெடல் தண்டு சுற்றுகிற பாட்டம் பிராக்கெட் ஆகியவற்றின் பேரிங்குகளுக்குள்ளும் ஃபோர்க் சீலுக்குள்ளும் புகுந்துவிடும், கிரீஸ் வெளியே வந்துவிடும். ஒரு மாதத்தில் மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் கேட்கும். ஒரு வாளித் தண்ணீர், பழைய பல்துலக்கி, துணி போதும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ரோட்டார் பக்கம் ஒரு துளியும் தெறிக்கக் கூடாது. எண்ணெய் குடித்த பிரேக் பேட் பிறகு பிடிக்காது, அலறும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயைச் செயின் எண்ணெய் என்று நினைத்து அடிப்பவர்களும் உண்டு. அது இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பையனுடைய ஸ்கேலைக் கடன் வாங்குங்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12 இன்ச்சில் இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு இன்ச் தள்ளி வந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் பின்னால் இருக்கிற பல்சக்கர அடுக்கையும் அது தின்றுவிடும். அதன் விலை நாலைந்து செயின்.