சட்டைப்பைக்கு ஒரு பேனாக்கத்தி: முதல் மடக்குக் கத்தியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எனக்கு வீடு தேனி மாவட்டம் கம்பத்தில், வேலை மலைமேல் கேரள எல்லையில் உள்ள குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில். தினமும் லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, இருட்டியதும் இறங்குகிறேன். ஒரு நாளைக்குக் குறைந்தது பத்துத் தடவையாவது கத்தி வேண்டியிருக்கிறது. சரியான கத்தி அமைவதற்குள் இரண்டு கத்திகளைத் தவறாக வாங்கிவிட்டேன். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எதை வெட்டுகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்

என் பட்டியல் இது: சாக்கு மூட்டையின் தையல் நூல், பார்சல் டேப், ஊறுகாய்ப் பாக்கெட், சணல் கயிறு, மாலையில் ஒரு கொய்யா. இதில் எதற்கும் பெரிய கத்தி தேவையில்லை. உங்கள் பட்டியலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தேங்காய் உடைக்கவும் விறகு பிளக்கவும் வீட்டில் அரிவாள் இருக்கிறது.

2. நீளம்

இணையத்தில் வாங்கும்போது 'மொத்த நீளம்' என்று போட்டிருப்பது கத்தியைத் திறந்த நிலையில் அளந்தது. நமக்கு முக்கியம் மடக்கிய நீளம். ஒரு தடித்த அட்டையை அந்த அளவுக்கு வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் நடமாடுங்கள். குனியும்போது விழுகிறதா, உட்காரும்போது குத்துகிறதா என்று தெரிந்துவிடும். 58 முதல் 85 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பையில் இருப்பதே மறந்துபோகும்.

3. பக்கத்தில் இருப்பவர் பயப்படக் கூடாது

என் முதல் கத்தி கறுப்பு நிறம், ஒரு கையால் தட்டினால் 'டக்'கென்று திறக்கும். தோட்ட வேலைக்குப் போகிறவர்களோடு ஜீப்பில் போகும்போது ஒரு டேப்பை வெட்ட அதைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா சட்டென்று விலகி உட்கார்ந்து, "என்ன தம்பி, சூரிக்கத்தியா வச்சிருக்க?" என்றார். அன்றோடு அதை வீட்டில் வைத்துவிட்டேன். இப்போது வைத்திருப்பது சிவப்புப் பிடி, இரண்டு கையாலும் மெதுவாகத் திறப்பது. அதே அக்கா, "அந்தச் சின்னக் கத்தியைக் குடு தம்பி" என்று வாங்கி மாங்காய் நறுக்குகிறார். பளிச்சென்ற நிறப் பிடி, ரம்பப் பல் இல்லாத நேரான வெட்டும் வாய், சத்தமில்லாமல் திறப்பது: இந்த மூன்றும் இருந்தால் யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

4. இரும்பும் பிடியும் (இங்கேதான் நான் சறுக்கினேன்)

இரண்டாவதாக வாங்கியது மரப்பிடி போட்ட கார்பன் ஸ்டீல் கத்தி. பார்க்க அவ்வளவு அழகு. கார்பன் ஸ்டீல் சீக்கிரம் கூர் ஏறும், இரண்டு இழுப்பில் தாளைச் சீவும். கம்பத்தில் ஒரு குறையும் இல்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் மேலே குமுளியில் கத்தி திறக்கவே இல்லை. நகம் பிய்ந்ததுதான் மிச்சம்.

கத்தி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். காரணம் வேறு. மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பினால் பிடியில் அலகு மடங்கி உட்காரும் பள்ளம் நெருங்கி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கம்பம் மழை மறைவுப் பகுதி, குமுளி அப்படியில்லை. இடையில் ஒரு மலைப்பாதைதான், ஆனால் கத்திக்கு அது வேறு தேசம். உங்களுக்கும் இப்படி ஆனால் இடுக்கியால் இழுக்காதீர்கள், அடுப்பருகே காய வைக்காதீர்கள், மரம் வெடிக்கும். நிழலில் காற்றாட இரண்டு மூன்று நாள் விடுங்கள், தானாக இளகும். பிறகு நெருக்கம் இருந்தால் மெல்லிய உப்புத்தாளை மடித்துப் பள்ளத்தின் உட்பக்கம் லேசாகத் தேயுங்கள்.

துரு இன்னொரு தொல்லை. எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் மடக்கி வைத்தேன், மறுநாள் காலை அலகில் செம்புள்ளிகள். அதனால் மலையோரத்தில் இருக்கிற யாருக்கும் நான் சொல்வது ஒன்றே: ஸ்டெயின்லெஸ் அலகு, பிளாஸ்டிக் அல்லது அலுமினியப் பிடி. கூர் சற்றுக் குறைவாக நின்றாலும் பரவாயில்லை.

5. பூட்டு

சிறிய பேனாக்கத்திகள் பலவற்றில் திறந்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு கிடையாது, பிடியின் முதுகில் இருக்கும் வில் (ஸ்பிரிங்) மட்டும் அலகைத் தாங்கும். வெட்டினால் ஒன்றும் ஆகாது, குத்தினால் அலகு விரல்மேல் மடங்கும். சாக்குத் தையலை முனையால் குத்திப் பிரிக்காதீர்கள். நூலுக்கு அடியில் வாயை நுழைத்து, உடம்பை விட்டு வெளிப்பக்கம் இழுங்கள். பூட்டு உள்ளதை வாங்கினால் மூடப் பழகும்வரை, பூட்டை விடுவித்ததும் விரலை அலகின் பாதையிலிருந்து எடுத்துவிட்டு, அலகின் முதுகைத் தள்ளி மடக்குங்கள்.

கடையில் கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால்: திறந்து இடவலமாக ஆட்டினால் அலகு ஆடக் கூடாது, மூடினால் பள்ளத்தின் நடுவில் உட்கார வேண்டும். நகம் வைத்து இழுக்கும் பள்ளத்தை ஈர விரலாலும் இழுத்துப் பாருங்கள். (குமுளிப் பக்கம் கடையில் மலையாளத்தில் 'பிச்சாத்தி' என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்.)

என் தேர்வு

சாவிக்கொத்தில் கிடக்க விக்டோரிநாக்ஸ் கிளாசிக் எஸ்டி. 58 மில்லிமீட்டர், சுமார் 21 கிராம். கத்தரிக்கோலும் உண்டு. ஊறுகாய்ப் பாக்கெட்டுக்கும் நூலுக்கும் அந்தக் கத்தரிக்கோல்தான் என் கைக்கு முதலில் வருகிறது. அலகு குட்டி, கொய்யாவைச் சுற்றிச் சுற்றித்தான் வெட்ட வேண்டும். பழம் அடிக்கடி வெட்டுவீர்கள் என்றால் அதே கம்பெனியின் கேடட், 84 மில்லிமீட்டர், அலுமினியப் பிடி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் கேடட்டையே சொல்வேன்.

பராமரிப்பு

தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் இதைக் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு சூடேறிப் பதம் போகும், இரும்பும் நிறையத் தேய்ந்துபோகும். 1000 எண் தண்ணீர்க் கல் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் சாணைக்கல்) ஒன்று போதும், ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்த்துத் தேயுங்கள். கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் அதிகம். நாளானால் அது பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அலகை நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டது: வேட்டி, லுங்கி கட்டுகிறவர்கள் எங்கே வைப்பது? மடியில் செருகினால் மடிப்பு நெகிழும்போது விழுந்துவிடும். சட்டைப்பைதான் நல்லது. பிடியின் வளையத்தில் ஒரு சாண் கயிறு கட்டி நுனியை வெளியே விட்டால் எடுக்கவும் சுலபம்.

சட்டம் பற்றியும் கேட்டார்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றை அதிலும் விலக்கியிருக்கிறார்கள். நம் கத்தி அந்த அளவுக்கு அருகில்கூட வராது. ஆனாலும் விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, உள்ளே அனுப்பும் பெட்டியில் வைக்க வேண்டும். மதுரையிலோ கொச்சியிலோ விமானம் ஏறப் போகிறவர்கள், முதல் நாள் இரவே சாவிக்கொத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.