லென்ஸுக்குக் கண்ணாடிச் சீட்டு போதாது

கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் கடையில் நீட்டி, அதே பவரில் கான்டாக்ட் லென்ஸ் வாங்குகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கருவிழியின் மேலேயே அமர்கிறது. அதனால் மைனஸ் 6 கண்ணாடி போடுபவருக்கு லென்ஸில் பெரும்பாலும் மைனஸ் 5.50 வரும். பவர் 4-க்குக் கீழே என்றால் இந்த வித்தியாசம் பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது.

பவரைவிட முக்கியம், லென்ஸ் உங்கள் கண்ணில் எப்படி உட்காருகிறது என்பது. பெட்டியில் 8.4, 8.6 என்று அச்சிட்டிருப்பது அதன் உள்வளைவு. தோழிக்குப் பொருந்திய பிராண்டு உங்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. லென்ஸுக்கு அளவெடுக்கும் கண் பரிசோதகரிடம் சோதனை லென்ஸைப் போட்டவுடன் "நன்றாகத் தெரிகிறது" என்று எழுந்துவிடாதீர்கள். கால் மணி நேரமாவது அது கண்ணில் படியட்டும். பிறகு கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்ப்பார்கள்: ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் லென்ஸ் இம்மியளவு நகர்ந்து திரும்ப வேண்டும். நகராமல் கவ்விக்கொண்டால் அதன் அடியில் கண்ணீர் புழங்காது. கொடுமை என்னவென்றால், இறுக்கமான லென்ஸ் முதல் நாள் உறுத்தவே உறுத்தாது. கண் சிவப்பது பிறகுதான். சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததற்கான பவர்) உள்ளவர்களுக்கு, லென்ஸ் சுழலாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய், கண் வறட்சி, ஒவ்வாமைக்குச் சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். ஏற்கெனவே லென்ஸ் போடுபவர்கள், அளவெடுப்பதற்கு எத்தனை நாள் முன்பே கழற்றிவைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். லென்ஸ் அழுத்திய கருவிழியில் எடுக்கும் அளவு தப்பாகிவிடும்.

கல்யாண மேக்கப்புக்காக அழகு நிலையத்தில் மாட்டிவிடும் நிற லென்ஸைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பவர் இல்லை என்பதற்காக அளவும் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒருவர் கழற்றியதை இன்னொருவருக்குப் போடுவது கிருமியைக் கைமாற்றுவதுதான். குழாய்த் தண்ணீரில் அலசுவதும் அப்படியே: அதிலுள்ள அகந்தமீபா என்ற நுண்ணுயிர் பார்வையையே பறிக்கக்கூடியது.

போடுவதை மட்டும் கற்றுக்கொண்டு கிளம்பாதீர்கள். கழற்றுவதையும் பரிசோதகர் கண்முன்னே நீங்களே செய்து பாருங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது, கண் சிவக்கவோ வலிக்கவோ இல்லையென்றால், சில மணி நேரம் முன்பே லென்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள்.